எஸ்டில் நேப்பியர் உள்ளே இருக்கிறான்

வெர்னா ஸ்டிடம் கண் விழிப்பதற்கு முன்பே அவளுடைய இடது முழங்கால் விழித்துவிடும். இருட்டு பிரியும்போதே உள்ளே யாரோ திருகாணியை மெதுவாக முறுக்குகிற மாதிரி ஆரம்பிக்கும். நிமிர்ந்து நிற்க முடியாத கரிச்சுரங்கத்தில் மண்டி போட்டே பாதி ஆயுசைக் கழித்த முழங்கால் அது. அதற்காக அரசாங்கம் மாதாமாதம் ஒரு செக் அனுப்புகிறது. இந்த வருஷம் அந்தச் செக்கோடு ஒரு அரைநாள் வேலையும் சேர்ந்துகொண்டது. வக்கீல் ஆபீஸுக்காக ஆள் தேடுவது, பொய் பிடிப்பது. உடம்பு தாங்குமா என்று பார்க்க ஒரு பரீட்சை.

இன்றைக்கு, வியாழக்கிழமை, உடம்பு தாங்கவில்லை. இருந்தும் கிளம்பி வந்துவிட்டாள்.

“வண்டியில ஏதோ கிறீச்சுனு சத்தம் வருதே, ஓரங்கட்டிப் பாக்கலாம்னு நெனச்சேங்க்கா. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது உங்க முட்டி” என்றான் லானி ஃப்யூகேட்.

“ரோட்டப் பாத்து ஓட்டுடா.”

லானி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவன். கென்டக்கியின் இந்த மலைமூலையில் எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவனுக்குத் தெரியும். வெர்னாவுக்குக் கார் ஓட்டுவது அவன் வேலை. வாயை ஓட்டுவதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. அதை அவன் தர்மமாகச் செய்தான்.

ஆல்டர் ஃபோர்க் சுரங்கம் மூடிப் பல வருஷமாகிறது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற இடம். குளிர் இறங்கிய காலையில் சுரங்கத்தின் வாய் வெள்ளை வெள்ளையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெர்னா அதைப் பார்க்காமல் நடந்தாள். லானி வண்டியிலேயே உட்கார்ந்து முட்டை ரொட்டியைப் பிரித்தான்.

இறங்குமுன் ஆட்கள் தலைவிளக்கு வாங்கிய பழைய விளக்கறையின் வாசலில் மேலாளர் ட்ரூடி மேகர்ட் நின்றிருந்தாள். பட்டணத்துக்காரி. பூட்ஸில் ஒரு பொட்டு கரி இல்லை.

“நீங்கதான் துப்பறியறவங்களா?” ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மத்தியானம் வரைக்கும்.”

உள்ளே சுவர் முழுக்க அந்தப் பலகை. இடது பாதியில் ‘வெளியே’ என்றும், வலது பாதியில் ‘உள்ளே’ என்றும் எழுதியிருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பக்கமும் ஒரு ஆணி, நம்பர் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன். இறங்கும்போது டோக்கனை வலது பக்கம் மாட்டுவார்கள், ஏறி வந்ததும் இடது பக்கம். மலை சரிந்தால் யாரைத் தோண்ட வேண்டும் என்று பலகை சொல்லும். சுரங்கம் மூடிய பிறகும் பழைய ஆட்களின் டோக்கன்கள் ‘வெளியே’ பக்கம் வரிசையாகத் தொங்கின. உயிரோடு இருப்பவர்களில் பலர் தங்களுடையதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

‘உள்ளே’ பக்கம் ஒன்றே ஒன்று தொங்கியது. 212.

“எஸ்டில் நேப்பியர்” என்றாள் ட்ரூடி. “சுரங்கக் கூரை சரியாம இரும்பு ஆணி அடிக்கிற வேலை. கூரை விழுந்து செத்துப்போனவரு. பதினோரு வருஷமாச்சு. இந்த ஒரு மாசமா தினம் சாயங்காலம் நானே என் கையால ‘வெளியே’ பக்கம் மாட்டிட்டுப் போறேன். காலையில வந்து கதவத் திறந்து, காபி போட்டு எடுத்துட்டு வந்து பாத்தா ‘உள்ளே’ பக்கம் தொங்குது. தினமும்ங்க. ‘உள்ளே’ பக்கம் காலியாகாம டூர் விடக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் சட்டம். ஆள அனுப்பித் தேடுவோம், ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. ஆனா தட்டுற சத்தம் மட்டும் கேக்கும்.”

“தினமுமா கேக்கும்?”

“சில நாள் கேக்கும், சில நாள் கேக்காது. வழிகாட்டிங்க இன்னைக்கு உள்ள போகவே மாட்டோம்னுட்டாங்க. அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்.”

“சாவி?”

“ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு பராமரிப்பு கான்ட்ராக்டர் பாய்ட் ஹென்ஸ்லிகிட்ட. கூரையெல்லாம் சரியா இருக்கான்னு வாராவாரம் பாக்க வேண்டியது அவன் பொறுப்பு. ஆனா அந்த ஆளு மத்தியானத்துக்கு முன்னாடி கண்ணையே திறக்க மாட்டான்.” ட்ரூடி குரலை இறக்கினாள். “பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க பஸ் வருது. அதுக்குள்ள எனக்கு ஆள் வேணும். எவனா இருந்தாலும் ஷெரிஃப்கிட்ட ஒப்படைக்கப் போறேன். கொஞ்சம் தள்ளிக்கோங்க ஓமா.”

பலகைக்குக் கீழே தரை துடைத்துக்கொண்டிருந்த வயதான துப்புரவுக்காரி வாளியோடு நகர்ந்து போனாள். எலுமிச்சை மெழுகு வாசனை அவளோடு போனது.

வெர்னா டோக்கனைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். மேலே ஒரு கட்டைவிரலின் கரித்தடம், ஈரமாக. ‘வெளியே’ பக்கத்தில் அதற்கு அடுத்த ஆணியைப் பார்த்தாள். 213. காலி.

வண்டிக்குத் திரும்பியபோது லானியின் மீசையில் முட்டை இருந்தது.

“பேய்தானே அக்கா? இப்பவே சொல்லிட்டா நான் திரும்பி ஓட்ட வசதியா இருக்கும்.”

“பேய்க்குச் சாவி எதுக்குடா?”

“அப்ப திருடன். செம்புக் கம்பி திருட வந்திருப்பான்.”

“எந்தத் திருடனாவது நான் உள்ள இருக்கேன்னு டோக்கன் மாட்டிட்டுத் திருடப் போவானா?”

லானி மெல்லுவதை நிறுத்தினான்.

“கரிக்குள்ள எறங்கினவனால அது இல்லாம உள்ள காலு வைக்க முடியாது” என்றாள் வெர்னா. “இப்பவும் நான் சர்ச்சுக்குள்ள நுழையறப்போ கை தானாப் போய்ச் செவத்துல ஆணியத் தேடுது. ஒளிஞ்சுதான் போறான். இருந்தும் டோக்கன் மாட்டாம போக மனசு வரல. அப்படி ஒரு தப்ப இங்க வேலை பாத்த பழைய ஆளுதான் பண்ணுவான்.”

“சரி. அப்ப தன் டோக்கனையே மாட்டிட்டுப் போக வேண்டியதுதானே?”

“தன் பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு நெனைக்கிறவன் எவன்?”

“மோட்டல்ல ரூம் எடுக்கிற குடும்பஸ்தன்.”

“ஊனத்துக்கு செக் வாங்குறவன்டா. கொஞ்சம் வேலை பாத்துப் பாக்கலாம்னு ஆசை. ஆனா வேலை பாக்குறது தெரிஞ்சா செக்கும் போயிடும், ஆஸ்பத்திரி கார்டும் போயிடும்னு பயம். ஷெரிஃப் கையில சிக்கினான்னு வையி, பேப்பர்ல பேரு வரும். அதோட அவன் கதை முடிஞ்சுது.”

லானி மலையைப் பார்த்தான். “செக் வாங்குறவன்னா இந்த ஊர்ல பாதிப் பேரப் பிடிக்கணுங்க்கா. முன் சீட்டுல இருக்கிற உங்களையும் சேத்து.”

“அங்க எத்தனையோ செத்தவங்க டோக்கன் தொங்குது. இவன் ஏன் 212-ஐ எடுத்தான்? கூரைக்கு ஆணி அடிக்கிறவங்க ஜோடி ஜோடியாத்தான் வேலை பாப்பாங்க. ஜோடிக்கு அடுத்தடுத்த நம்பர். தினம் காலையில ரெண்டு பேரும் தோளு உரசிக்கிட்டு நின்னு எடுப்பாங்க. 213 ஆணி காலி. அந்த ஆளு உயிரோட இருக்கான். எஸ்டிலுக்கு ஜோடி யாருடா?”

லானி மீசையைத் துடைத்துக்கொண்டான். கிண்டல் எதுவும் வரவில்லை.

“எஸ்ரா ஸ்லோன். அன்னைக்கு இடுப்பு நொறுங்கின ஆளு. அவரு பொண்ண நான்தான் பஸ்ல ஏத்திட்டுப் போவேன். வாசல்ல உக்காந்து சும்மா மேல பாத்துக்கிட்டே இருப்பாரு. மழை வரும்னு பாக்குறாரோன்னு நெனப்பேன்.”

“முன்வாசல்ல ஆளுங்க வந்தப்புறம் அவரு அந்த வழியா வெளிய வர முடியாது. அதான் டோக்கனைத் திருப்பி மாட்ட முடியல. பின்பக்கம் ஏதாவது வழி இருக்கா?”

“பழைய விசிறி அறை இருக்கு. உள்ள காத்து ஊதினது. அக்கா, நான் வண்டியப் பாத்துக்கறேனே? வண்டிக்குத் தனியா இருந்தா பயம்.”

“டார்ச்ச எடு.”

விசிறி அறைக் கதவு துருப்பிடித்திருந்தது. கீலில் மட்டும் புது எண்ணெய். வெர்னா அதை விரலால் தொட்டு லானியின் சட்டையில் துடைத்தாள்.

உள்ளே நான்கு எட்டு வைத்ததும் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் சுருங்கிப் போனது. மேலிருந்து நீர் சொட்டும் சத்தம். ஈரக் கரியின் வாடை. வெர்னாவின் கை தானாக உயர்ந்து கூரையைத் தடவியது. உடம்பு எதையும் மறக்கவில்லை. முழங்கால் மட்டும் இங்கே வலிக்கவில்லை, வலிக்கு நேரமில்லாத இடம் என்று அதற்குத் தெரியும்.

டொக்.

லானி அவள் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

டொக். டொக். பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்துக்குள் ஒரு ஆண்குரல், சாதாரணமாக, சாப்பாட்டு மேஜையில் உப்புக் கேட்கிற மாதிரி:

“அங்க எப்படி இருக்கு எஸ்டில்?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் கேட்டவன் மாதிரி அந்தக் குரல், “சரி. அப்ப அந்தப் பக்கம் பாக்கறேன்” என்றது.

“அக்கா” என்று லானி மூச்சிலேயே சொன்னான். “நான் பஸ் ஓட்டின காலத்துல எவ்வளவு நல்லவனா இருந்தேன்னு கடவுள்கிட்ட நீங்க சொல்லணும்.”

வளைவு திரும்பினால் ஒரு தலைவிளக்கு. நீண்ட கம்பியால் கூரையைத் தட்டித் தட்டி, காதை மேலே சாய்த்து நின்றார் எஸ்ரா ஸ்லோன். ஒரு கை சுவரில் ஊன்றியிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அங்கேயே நில்லுங்க. உங்க தலைக்கு மேல இருக்கிற பாறை தளர்ந்திருக்கான்னு இன்னும் தட்டிப் பாக்கல.”

நின்றார்கள். அவர் நொண்டி வந்து, அவர்களுக்கு மேலே தட்டி, கேட்டு, தலையசைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“ஃப்யூகேட் பையனா? இது யாரு?”

“வெர்னா ஸ்டிடம், அண்ணே. மலைக்கு அந்தப் பக்கச் சுரங்கத்துல கூரை ஆணி அடிச்சவ. இப்ப துப்பறியறேன்.”

எஸ்ராவின் தோள் இறங்கியது. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு மரத்துண்டில் மெதுவாக, பகுதி பகுதியாக உட்கார்ந்தார்.

“அப்ப என் செக் போச்சு.”

“எவ்வளவு நாளா வேலை பாக்கறீங்க?”

“இந்த மாசம்தான். சாவி பாய்ட் குடுத்தது. கையில காசும் குடுத்துடுவான். அவன் தட்டிப் பாக்க வேண்டியத நான் தட்டறேன். பாரம் தூக்குற வேலை இல்ல.” அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். “பதினோரு வருஷமா வீட்டுல மல்லாந்து படுத்துக்கிட்டு, வீட்டுக் கூரையத் தட்டிப் பாக்கணும்னு இருக்கும் எனக்கு. என்னால முடியுமான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். முடியும்னு சொல்லி செக்க விட்டுட்டு வந்து, நாளைக்கு இடுப்பு முடியாதுன்னு சொன்னா? அப்புறம் வேலையும் இல்ல, செக்கும் இல்ல. ஊசிக்கு ஆஸ்பத்திரி கார்டு இல்ல. நான் நடக்கிறதே அந்த ஊசியில.”

“அதுக்குத்தாண்ணே ஒன்பது மாசம் குடுக்கறாங்க. வேலை பாத்துப் பாக்கலாம். செக் நிக்காது. முடியலேன்னா பழையபடி வீட்டுல உக்காரலாம். ஆனா வேலைக்குப் போறேன்னு செக் ஆபீஸுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லணும்.”

“சொன்னவன் கெட்டான். நம்ம ஊரு கோர்பெட்டுக்கு செக்க நிறுத்தினாங்களே?”

“கோர்பெட் சொல்லாம ரெண்டு வருஷம் லாரி ஓட்டினான். நான் சொல்லிட்டு வேலை பாக்கறேன். அஞ்சாவது மாசம் ஓடுது. செக் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

எஸ்ராவின் தலைவிளக்கு அவள் முகத்திலிருந்து ஊன்றுகோலுக்கு இறங்கியது.

“வெளிய ஒரு அம்மா ஷெரிஃபக் கூப்பிடக் காத்துக்கிட்டு இருக்கு” என்றாள் வெர்னா. “அவங்க முந்திக்கிட்டா உங்க பேரு திருட்டு வேலை. நீங்க முந்திக்கிட்டா வெறும் வேலை. எந்திரிங்க.”

அவர் எழவில்லை.

“அவன் டோக்கன மாட்டினது தப்புதான்” என்றார். “எதையும் மாட்டாம உள்ள வர காலு வரல. கை பழக்கத்துல என் ஆணிக்குப் போச்சு. அது காலி. பக்கத்துல அவன் இருந்தான்.” ஒரு சொட்டு நீர் அவர் ஹெல்மெட்டில் விழுந்தது. “ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமில்ல? எஸ்டில் சாப்பாட்டு வாளிய எடுக்கத் திரும்பிப் போனான், அதுலதான் செத்தான்னு.”

லானி தரையைப் பார்த்தான். அவனும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான்.

“கூரை முறியற சத்தத்துல பேச ஆரம்பிச்சதும் அவன் வெளிய ஓடிட்டான். நல்லா தள்ளிப் போயிட்டான். எனக்குக் காலு மரத்துப்போச்சு, நின்ன இடத்துலயே நிக்கறேன். திரும்பி வந்து என் பெல்ட்டப் பிடிச்சுத் தூக்கி எறிஞ்சான். விசாரணையில கேட்டப்போ எனக்கு எதுவும் ஞாபகம் இல்லேன்னுட்டேன். அவன் வாளி அந்தப் பக்கம் கிடந்துச்சு. அவங்களாவே எழுதிக்கிட்டாங்க.”

“அவரு பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“பதினோரு வருஷமா அந்த வீதி வழியா நான் போறதில்ல.”

வெர்னா கையை நீட்டினாள். எஸ்ரா அதைப் பிடித்து எழுந்தார். இரண்டு உடம்பும் ஒன்றின் பாரத்தில் இன்னொன்று கிறீச்சிட்டன.

“தினமும் வந்து இப்படி நிக்கறது கஷ்டமா இல்லையா?” என்றான் லானி, ஏதாவது பேச வேண்டுமே என்று.

“தினமும் எங்க? இடுப்பு விடுமா? செவ்வாயும் வியாழனும் மட்டும்தான்.”

வெர்னா நின்றுவிட்டாள்.

“அப்ப நேத்து?”

“நேத்து நான் படுக்கைய விட்டே எந்திரிக்கல.”

“நேத்தும் அந்த டோக்கன் ‘உள்ளே’ பக்கம்தான் தொங்கிச்சுண்ணே. முந்தின சனிக்கிழமையும்.”

எங்கோ உள்ளே, அவர்கள் யாரும் நிற்காத பக்கத்தில், ஒரு சின்னக் கல் உருண்டு நின்றது. லானி எஸ்ராவுக்கு முன்னால், வெர்னாவுக்கு முன்னால், தன் மானத்துக்கும் முன்னால் வெளியே போய்ச் சேர்ந்தான்.

விளக்கறையில் எஸ்ரா முதல் வேலையாகச் செக் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். ட்ரூடி வாயைத் திறக்க, வெர்னா ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள். “ரெண்டு நிமிஷம். அப்புறம் பேரு சொல்றேன்.”

ரெண்டு நிமிஷத்தில் முடியவில்லை. காத்திருப்பதற்கான பாட்டு எஸ்ராவின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. “ஊனமாக்கிறதே இந்தப் பாட்டுதான்” என்று முணுமுணுத்தான் லானி. கடைசியில் ஒரு மனிதக்குரல். எஸ்ரா நிமிர்ந்து நின்றுகொண்டார், அந்தக் குரல் அவரைப் பார்க்கிற மாதிரி. பேர் சொன்னார். செவ்வாய், வியாழன் என்றார். பாய்ட் கொடுத்த காசைச் சொன்னார். எதிர்ப்பக்கம் கேட்டதற்கு ஆமாம், ஆமாம் என்றார். போனை வைத்தார்.

“எழுதிக்கிட்டாங்க. வாங்கின காசுக்கு ரசீது அனுப்பணுமாம். செக் நிக்காதாம். இப்போதைக்கு.” இன்னும் நம்பாதவராக வெர்னாவைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு எனக்கு வாழ்த்து சொல்லுச்சு.”

“இவரா?” என்றாள் ட்ரூடி. “ஒரு மாசமா எங்களப் பயமுறுத்தினது இந்த மனுஷனா?”

“பாதி நாள்தான் இவரு. நேத்து காலையில அந்த டோக்கன் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கரி ஒட்டியிருந்துச்சா?”

“இன்ஸ்பெக்டருக்காகத் தினமும் படம் எடுப்பேன்.” ட்ரூடி செல்போனைத் தேய்த்து நீட்டினாள்.

படத்தில் 212 பளபளவென்று இருந்தது. கண்ணாடி மாதிரி. வெர்னா மூக்கை உறிஞ்சினாள். பிறகு கதவைப் பார்த்தாள். கதவின் பித்தளைக் கைப்பிடியும் அதே பளபளப்பு, அதே எலுமிச்சை வாசனை. கைப்பிடியைத் துடைத்தபடி துப்புரவுக்காரி குனிந்திருந்தாள்.

லானி அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தான்.

“ஓமா அத்தே! நீங்க எப்போலேர்ந்து இங்க?”

“உனக்கு இவங்களத் தெரியுமா?” என்றாள் ட்ரூடி. “துப்புரவுக் கம்பெனி அனுப்பின ஆளு.”

“தெரியாம என்ன? ஓமா நேப்பியர்.”

எஸ்ரா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஓமா துணியை மடித்து வாளியின் ஓரத்தில் போட்டாள். பயப்படவில்லை. பொய் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“ஒரு செவ்வாக்கிழமை தொடைக்க வந்தேன். ‘உள்ளே’ பக்கம் தொங்குச்சு. யாரு மாட்டினதுன்னு நான் கேக்கல. மறுநாள் இந்த அம்மா எடுத்து ‘வெளியே’ மாட்டியிருந்துச்சு. பொறுக்கல, தொடச்சு மறுபடியும் மாட்டினேன்.”

“ஏன்?” என்றாள் ட்ரூடி. அவள் குரலில் முதல் தடவையாக மேலாளர் இல்லை.

“‘வெளியே’ தொங்கினா என்னம்மா அர்த்தம்? அவரு ஏறி வந்துட்டாரு, ஆனா வீட்டுக்கு வரல. பதினோரு வருஷம் அப்படித்தான் தொங்குச்சு.” ஓமா பலகையைப் பார்த்தாள். “‘உள்ளே’ தொங்கினா வேலையில இருக்காருன்னு அர்த்தம். வேலையில இருக்கிறவரு சாயங்காலம் வந்துடுவாரு. எனக்குத் தெரியும், வர மாட்டாரு. ஆனா மத்தியானம் வரைக்கும் நல்லா இருக்கும்.”

 வெளியே சுரங்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“ஷெரிஃபுக்குப் போன் பண்ணணும்னீங்க” என்றாள் வெர்னா. “இவங்கள்ல யாரப் பிடிச்சுக் குடுக்கப் போறீங்க?”

ட்ரூடி மேஜையின் இழுப்பறையைத் திறந்தாள். புது டோக்கன் ஒன்றை எடுத்து எஸ்ராவின் முன்னால் வைத்தாள். “பாய்ட் ஹென்ஸ்லிய நான் பாத்துக்கறேன். செவ்வாயும் வியாழனும். உங்க பேருல, ரசீதோட. முடியாத நாள் முடியலேன்னு சொல்லிடுங்க.” பிறகு 212-ஐ ஆணியிலிருந்து கழற்றி ஓமாவிடம் நீட்டினாள். ஓமா வாங்கி, பார்த்து, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூட பஸ்ஸின் ஹாரன் கேட்டது. லானி ஜன்னல் வழியாகப் பார்த்து, “வளைவுல கியர் மாத்தத் தெரியல இவனுக்கு” என்றான். 

ஓமா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எஸ்ராவின் பக்கத்தில் வந்து நின்றாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை.

“உள்ள எப்படி இருக்கு எஸ்ரா?”

அவர் வாய் திறந்தது. வெர்னா அவர் கண்களையே பார்த்தாள். உதடு ஒரு பெயரைத் தொடங்கியது, நின்றது. வாசலில் பிள்ளைகள் சத்தத்தோடு இறங்கினார்கள்.

“கூரை நல்லா இருக்கு ஓமா.”

அவள் தலையசைத்துவிட்டு, பிள்ளைகள் நுழையும் வழியைத் துடைக்கப் போனாள்.

எஸ்டில் நேப்பியர் திரும்பிப் போனது வாளிக்காக அல்ல, எஸ்ரா ஸ்லோனுக்காக. இந்த ஒரு வார்த்தைதான் எஸ்ரா ஓமாவுக்குப் பட்ட கடன். அன்றைக்கும் அவர் அதைத் தீர்க்கவில்லை.